நம் ஊர் ரத்தம் ஏன் பேசவில்லை, நைனா?

என்னைப் பெத்த கருத்த ராசா, நைனாவுக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் திட்டத்தான் தோன்றும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு அந்தத் திட்டோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது. அங்கே எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வாசிக்கச் சொல்லிக் கேள். மற்றவர்கள் காதில் விழுந்தாலும் பரவாயில்லை, விழட்டும்.

முதலில் ஊர் சேதி. ஏரி இந்த வருஷம் நிரம்பிக் கலங்கல் தாண்டி வழிந்தது. நவரைப் பட்டத்துக்கு நடவு ஜோராக நடந்தது. பாதி நிலத்துக்கு நடவு மெஷின் வந்துவிட்டது. மெஷின் இறங்காத சேறு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் நம் பெண்களைக் கூப்பிடுகிறார்கள். பச்சையம்மா சித்திதான் இப்போதும் நடவுக்கு ஆள் சேர்ப்பது. அம்மாவும் போகிறாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்டுவிடுவாளா? நீ இருந்தபோதே உன் பேச்சைக் கேட்டவள் இல்லையே.

நான் சென்னையில் அதே ஆய்வுக்கூடத்தில், அதே எலிகளோடுதான் இருக்கிறேன். நான் சேர்ந்த புதிதில் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "வயல்ல எலிய அடிச்சா எனக்குக் கூலி. எலிய வளத்தா உனுக்குக் கூலியா? நல்ல பொயப்பும்மா இது!" என்று ஏரிக்கரை முழுக்கச் சொல்லிச் சிரித்தாய். அந்த எலி என்ன ஆனது என்று நீ கேட்கவே இல்லை. கேட்கும்முன் போய்விட்டாய்.

இப்போது சொல்கிறேன், கேள். டெங்கு வந்த வருஷம் "கவுன்ட்டு கொறஞ்சிபோச்சு" என்று ஊரே பப்பாளி இலையை அரைத்துக்கொண்டு அலைந்ததே, அந்தத் தட்டணுதான் என் வேலை. உடம்பில் எங்கே வெட்டுப்பட்டாலும் ஓடி வந்து ஒட்டிக்கொள்கிற துணுக்குகள் அவை. முதலில் வந்து ஒட்டியது சும்மா இருக்காது. "எல்லாரும் வாங்க" என்று கத்தும். கேட்டதெல்லாம் ஓடி வந்து கட்டியாகி ரத்தத்தை நிறுத்தும். அந்தக் கத்தலுக்கு நாங்கள் சமிக்ஞை என்று பேர் வைத்திருக்கிறோம். கத்துவதற்கும் கேட்பதற்கும் தட்டணுவுக்குள் புரதங்கள் இருக்கின்றன.

மனிதத் தட்டணுவில் எந்தப் புரதம் எவ்வளவு, எலியின் தட்டணுவில் எவ்வளவு, இரண்டிலும் கத்தல் ஒரே மாதிரி போகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. எதற்கு என்பாய். புது மருந்தை முதலில் எலிக்குக் கொடுத்துத்தானே பார்க்கிறார்கள்? எலிக்குச் சரிப்பட்டது நமக்கும் சரிப்படும் என்று எதை நம்பிச் சொல்வது? நம் தட்டணுவில் இருக்கிற ஒரு ஏற்பி, அதாவது கத்தலைக் கேட்கிற காது, எலியின் தட்டணுவில் கிடையவே கிடையாது. அந்தக் காதை அடைக்கச் செய்த மருந்தை எலியிடம் சோதித்து என்ன பிரயோஜனம்? இந்த மாதிரி வித்தியாசங்களைத் தேடித்தான் இத்தனை வருஷமும் போனது.

என் எலிகளைப் பார்த்தால் உனக்கு வயிறு எரியும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்களே, இவற்றுக்குத் தனி வளை, அதுவும் ஏசி போட்டு. படுக்கை நனைந்தால் மாற்றுகிறோம். வெளிச்சம் இத்தனை மணிக்கு, இருட்டு இத்தனை மணிக்கு என்று கணக்கு. எலியைத் தொடும்முன் ஒரு குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். இதனால் எலிக்கு வலிக்குமா, எவ்வளவு வலிக்கும், வலித்தால் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். ஒழுங்காகப் பதில் சொல்லாமல் ஒரு எலிக்கு ஊசி போட முடியாது. அது நியாயம்தான். அந்தக் கேள்வி மேல் எனக்குக் கோபம் கிடையாது.

மனித ரத்தத்துக்கு ஆள் கிடைப்பதுதான் பெரிய பேஜார். கூடப் படிக்கிற பிள்ளைகளிடமே எத்தனை முறை எடுப்பது? எனக்கு வழிகாட்டுகிற பேராசிரியர், நாங்கள் மேடம் என்போம், "உங்க ஊர்ல கேட்டுப் பாரேன். ஒரே மாதிரி சாப்பாடு, ஒரே மாதிரி வேலை. ஆராய்ச்சிக்கு நல்லது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் காலனிப் பெண்களின் ரத்தம் அறிவியலுக்குப் பயன்படப்போகிறது என்று ஒரே பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக் கூட்டி வந்தேன். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையெல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. வாலாஜாபாத் தாண்டும்வரை பாட்டு, சிரிப்பு. வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நான் டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நிமிஷம் அவர்களோடு நின்று டீ குடித்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

ஆய்வுக்கூடத்தில் எலிகளின் போட்டோவைக் காட்டினேன். "இன்னாது, எலிக்கு ஏசியா?" என்றாள் பச்சையம்மா சித்தி. "அடுத்த சென்மத்துல உன் எலியா பொறக்கறேன்டி. நடவும் இல்ல, ஒண்ணியும் இல்ல." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒவ்வொருத்தியிடமும் நானே கேட்டேன். சர்க்கரை இருக்கிறதா? பிரஷர் இருக்கிறதா? கடைசிப் பத்து நாளில் வலிக்கு மாத்திரை ஏதாவது போட்டார்களா?

"வலியே இல்லியேம்மா, மாத்திர எதுக்கு?" என்றாள் அம்மா. சித்தியும் அதையேதான் சொன்னாள். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.

ரத்தத்திலிருந்து தட்டணுவைப் பிரித்து, ஒரு மருந்துச் சொட்டை விட்டால், அவை ஒன்றையொன்று கூப்பிட்டுக் கட்டியாகும். கட்டியாக ஆகத் திரையில் ஒரு கோடு மேலே ஏறும். எலி ரத்தத்தில் கோடு விறுவிறுவென்று ஏறியது. நம் பெண்களின் ரத்தத்தில் ஏறவே இல்லை. அந்தக் கத்தலை உண்டாக்குகிற புரதம் இருக்கிறதா என்று அளந்து பார்த்தோம். எலிக்கும் இருக்கிறது, நமக்கும் இருக்கிறது. புரதம் இருந்தும் சத்தம் மட்டும் வரவில்லை.

மேடம் முதலில் நம்பவில்லை. "வலி மாத்திரை போட்டிருப்பாங்க. கேட்டியா?" என்றார். "நானே கேட்டேன் மேடம். எங்க ஊர் ஆளுங்க பொய் சொல்ல மாட்டாங்க" என்றேன், முறைப்பாக. இன்னொரு ஞாயிறு இன்னொரு வேன் வந்தது. வேறு பெண்கள், அதே நேர்க்கோடு. அதன் பிறகு மேடமே நம்பத் தொடங்கிவிட்டார். மாதக்கணக்காக அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு கனவு கண்டோம், நைனா. எலியும் மனிதனும் இந்த இடத்தில்தான் பிரிகிறார்கள், இதுவரை யாரும் பார்க்காததை நாம் பார்த்துவிட்டோம் என்று கட்டுரைகூட எழுதிவிட்டோம். என் பட்டமே அந்த நேர்க்கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் தை மாதம் ஊருக்கு வந்தேன். நடவில் ஒரு ஆள் குறைகிறது என்று சித்தி புலம்பினாள். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். உன் மகளுக்கு வீம்புக்குக் குறைச்சலா? நாற்று முடியைப் பிரித்து நட்டுக்கொண்டே பின்னால் போகையில், இரண்டாவது கழனி முடிவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. டீ வந்தது. பேப்பர் கப்பை ஒரு கையில் கொடுத்த சித்தி, இன்னொரு கையில் ஒரு வெள்ளை, ஒரு ரோஸ், இரண்டு மாத்திரை வைத்தாள்.

"போட்டுக்கோடி. வலி வர்றதுக்கு முன்னாடி போடணும். வந்தப்பறம் போட்டா கேக்காது."

வரப்பில் நின்றவர்கள் எல்லாரும் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். யோசிக்கவே இல்லை, நைனா! தட்டணுவில் முனைவர் பட்டம் வாங்கப்போகிறவள், டீயோடு பன் தின்பதுபோல முழுங்கினேன். நம் வூட்டில் அது மாத்திரை இல்லையே. பெட்டிக்கடையில் பேப்பரில் மடித்துத் தருகிற "செட்டு". டீ, பன், செட்டு. சின்ன வயதிலிருந்து பார்த்தது.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் ரத்தம் கொடுக்க வேண்டிய பையன் வரவில்லை. சரி, என் கையில் எடுங்கள் என்றேன். என் ரத்தம் எப்போதும் கோட்டை ஏற்றும். அன்றைக்கு ஏறவில்லை. சொட்டு மருந்தை மாற்றினேன். மெஷினைத் துடைத்தேன். எலி ரத்தத்தை வைத்துப் பார்த்தேன், ஏறியது. மறுபடி என்னுடையதை வைத்தேன். செத்த பாம்பு மாதிரி கிடந்தது கோடு. அப்போதுதான் அந்த டீ ஞாபகம் வந்தது.

அவர்களில் ஒருத்தியும் பொய் சொல்லவில்லை. வலி வந்து போட்டால்தானே வலிக்கு மாத்திரை? அவர்கள் வலி வருமுன் போடுகிறவர்கள். வேன் குலுக்கலில் இடுப்பு நோகும், ரத்தம் கொடுக்கத் தெம்பு வேண்டும் என்று அந்த டீக்கடையில் போட்டிருக்கிறார்கள். என் ஆராய்ச்சிக்கு உதவத்தான் போட்டிருக்கிறார்கள்! கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா என்பார்கள். எனக்கு இவ்வளவு பெரிய மெஷின் வேண்டியிருந்தது.

அந்த வெள்ளை மாத்திரை, கத்தலை உண்டாக்குகிற புரதத்தின் வாயைக் கட்டிவிடும். புரதம் இருக்கும், அளந்தால் தெரியும், ஆனால் வேலை செய்யாது. ஒருமுறை கட்டினால் அந்தத் தட்டணு சாகும்வரை, ஒரு வாரம் பத்து நாள், கட்டினது கட்டினதுதான். தினமும் போட்டால்? அதே மாத்திரை வெறும் வயிற்றில் குடலை அரிக்கும். அரித்துப் புண்ணான இடத்தில் ரத்தம் கசிந்து, வெளிக்குக் கறுப்பாகப் போகும். கசிகிற ரத்தத்தை நிறுத்த ஓடி வர வேண்டிய தட்டணுவுக்கு வாய் கட்டியிருக்கும்.

புரிகிறதா, நைனா? நீ எப்படிச் செத்தாய் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வரப்பு அண்டை வெட்டப் போகும்முன் செட்டு, மூட்டை தூக்கப் போகும்முன் செட்டு. வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று நீ ஏன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை? கேணிக்கரையில் ரத்தமாக வாந்தி எடுத்து விழுந்தாயே, அதற்கு முன் எத்தனை நாள் தெரிந்திருந்தது உனக்கு? ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், வலி மாத்திரை போடுவாரா என்று. "வலின்னு ஒரு நாளு படுத்ததில்ல சார் அவரு" என்றாள் அம்மா, பெருமையாக. கருமாதிக்கு வந்தவர்கள் "குடிச்சிக் குடிச்சி வயிறு வெந்துபோச்சி" என்று பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். திருவிழாவுக்குக்கூட நீ குடித்ததில்லை. அன்றைக்கு அவர்களிடம் சண்டை போட எனக்கு ஆதாரம் இல்லாமல் போனது. இப்போது இருக்கிறது. கேட்க நீ இல்லை.

மேடமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "கட்டுரையை நிறுத்திடலாம். அந்த சாம்பிள் எல்லாத்தையும் விலக்கிடு. மாத்திரை போடாத ஆரோக்கியமான ஆளா பாத்துத் திரும்ப எடுக்கலாம்" என்றார். அவர் சொன்னது சரி. விதி அதுதான். எலியோடு ஒப்பிடத் தகுந்த மனிதர் யார் என்றால், பத்து நாளாக வலி மாத்திரை போடாதவர். நடவுக் காலத்தில் நம் காலனியில் அப்படி ஒரு மனிதரைக் காட்டு பார்ப்போம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அறைக்கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அந்த ஆத்திரத்தோடு ஊருக்கு வந்து, முதலில் சித்தியைத்தான் பிடித்தேன். "ஆளுங்கள சாகடிக்கிறியா? எங்க நைனா இதனாலதான் செத்தாரு, தெரியுமா?"

சித்தி அசரவில்லை. "நானா மாத்திர பண்றேன்? நீ படிச்சவ, நீயே சொல்லு. செட்டு இல்லாம நட்டா மூணாம் நாளு ஒருத்தியும் எய்ந்து வர மாட்டாளுங்க. நட வரலன்னா மிச்ச நெலத்துக்கும் மெஷின வுட்டுடுவான். அப்பறம் இன்னாத்த துன்றது? உன் எலிக்கு நீ சோறு போட்டு வெச்சிக்கினு கீற. எங்களுக்கு எவன் போடறான்?"

இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா, நைனா?

வூட்டுக்கு வந்தால் அம்மா அடுப்படியில் குந்தியிருந்தாள். கேட்டுவிட்டேன். "வெளிக்குக் கறுப்பா போவுதா?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதெல்லாம் ஒரு பேச்சா? கீரை துன்னா கறுப்பாத்தான் போவும்."

கீரையாம்! கத்தினேன். அழுதேன். நீ செத்த கதையைத் தட்டணுவோடு சேர்த்துச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். "நடவு முடியட்டும்" என்றாள். மாத்திரையை நிறுத்து என்றேன். "வலிக்குமே" என்றாள், எனக்கு ஏதோ புரியவில்லை என்பதுபோல. அவளுக்காக அவள் எதையும் நிறுத்த மாட்டாள். அது உனக்கும் தெரியும். கடைசியில் என் வாயில் வந்தது இதுதான்: "நீ பத்து நாள் நிறுத்திட்டு வந்து ரத்தம் குடுத்தாத்தான் என் படிப்பு முடியும்."

கொஞ்சம் யோசித்தாள். "உன் பரிட்சைக்கா? அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? நிறுத்திடறேன் போ."

நிறுத்தினாள், நைனா. முதல் ரெண்டு நாள் வேலைக்கும் போனாளாம். அதன்பின் எழுந்திருக்க முடியவில்லை. சித்தி போனில் சொன்னாள்: "சொவத்தப் புடிச்சிக்கினு நடக்கறா. ராவெல்லாம் முனகறா. நல்ல பரிட்சடி உன்து." அத்தனை வருஷமாக அந்த உடம்பில் இருந்த வலி அது. யாருக்கும் தெரியாமல், அவளுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

நேற்று அவளைக் காரில் கூட்டி வந்தேன். ஆய்வுக்கூடத்து நாற்காலியில் நேராக உட்கார முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடம் தலையணை கொண்டுவந்து முதுகுக்கு வைத்தார். ரத்தம் எடுத்து, பிரித்து, சொட்டு விட்டேன். கோடு கொஞ்ச நேரம் நேராகப் போனது. அப்புறம் ஏறியது. ஏறு ஏறு என்று ஏறியது, நைனா. எலிக்கு ஏறுவதுபோலவே. நம் ரத்தமும் கத்தியது. மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

"ஏறிச்சாம்மா?" என்று கேட்டாள் அம்மா.

"ஏறிச்சிம்மா."

"பாஸா நீ?"

தலையை ஆட்டினேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பேப்பரில் மடித்த ஒரு வெள்ளை, ஒரு ரோஸ். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக் கேட்டாள்:

"முடிஞ்சிதில்ல? இப்ப போட்டுக்கட்டுமா?"

எலிக்கு வலித்தால் என்ன செய்வாய் என்று என்னை எழுதக் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். அம்மாவுக்கு வலித்தால் என்ன செய்வாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் கையிலிருந்து அந்த மாத்திரைகளைப் பிடுங்கினேன். அவள் தடுக்கவில்லை. வலியோடு உட்கார்ந்திருந்தாள். பிடுங்கியது தப்பா, சொல்லு.

இப்போது என் அறையில்தான் படுத்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காலையில் வயிற்று டாக்டரிடம் காட்டுகிறேன். குழாய் விட்டுப் பார்ப்பார்கள். இடுப்புக்கும் சேர்த்துக் காட்டுகிறேன். குடலை அரிக்காத வேறு மருந்து இருக்கிறது, அதை நானே கேட்டு வாங்குகிறேன். சித்தியையும் மற்றவர்களையும் ஒவ்வொருத்தியாகக் கூட்டி வருவேன், ரத்தம் எடுக்க அல்ல.

அந்த நேர்க்கோடுகளை நான் எறியப் போவதில்லை என்று மேடமிடம் சொல்லிவிட்டேன். எலியோடு ஒப்பிட அவை உதவாது, சரி. ஆனால் என் ஆராய்ச்சியில் "மனிதர்" என்று தலைப்புப் போட்ட இடத்திலேயே அவை வரும், ஏன் ஏறவில்லை என்ற காரணத்தோடு. மேடம் மறுக்கவில்லை.

உனக்குச் சத்தியம் ஒன்றுதான் செய்து தருகிறேன். உன்னை அனுப்பிய மாதிரி இவளை அனுப்ப மாட்டேன். துணைக்கு ஆள் வேண்டும் என்று அங்கே வாசலைப் பார்த்துக்கினு நிக்காதே, நைனா. அவ இப்போதைக்கு வர மாட்டா.

உன்மேல் தீராத கோபமும் தீராத ஆசையும் கொண்ட,
உன் வாயாடி மூத்த மகள்,
தேவி